தெளிந்தவன் ஏன் மருந்தை விடுகிறான்?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரை ஒட்டிய பண்டூராவில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக நடந்துவந்த மனநோய் மருத்துவமனையில், 5 ஆண்டுகளாக ஓயாத உன்மத்தத்தில் உழன்று, அங்கிருந்தோர் எல்லாரிலும் அதிகத் தொல்லை தருபவர் என்று பெயரெடுத்திருந்த 51 வயதுக்காரர் ஒருவருக்கு, 1948-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், ஜான் கேட் என்னும் வைத்தியர் லித்தியம் என்ற உப்பைக் கொடுக்கத் தொடங்கினார். யுத்த காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டுக்காலம் கைதியாக இருந்து மீண்ட கேட், அந்த உப்பைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்து, பின்பு தாமே உட்கொண்டும் பார்த்து, அதன் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். சில வாரங்களில் நோயாளியின் ஆவேசம் அடங்கியது. ஜூலையில் அவர் வீடு திரும்பினார். பழைய வேலையிலேயே சேர்ந்து சந்தோஷமாகவும் இருந்தார். அடுத்த ஜனவரியில் அவரை மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மருந்தில் முதலில் அசிரத்தை வந்திருக்கிறது. பிறகு அதை அடியோடு விட்டுவிட்டிருக்கிறார்.

கேட் தமது கட்டுரையை 1949-இல் வெளியிட்டபோது இவ்விரண்டு செய்திகளையும் மறைக்காமல் எழுதினார். ஆகவே, லித்தியம் வேலை செய்யும் என்பதை உலகம் எந்த மனிதரிடமிருந்து கற்றுக்கொண்டதோ அதே மனிதரிடமிருந்துதான், வேலை செய்யும் மருந்தையும் மனிதன் விட்டுவிடுவான் என்பதையும் கற்றுக்கொண்டது. ஒரு பருவத்தில் எல்லை காணாத உற்சாகமும், மற்றொரு பருவத்தில் படுக்கையை விட்டு எழவும் முடியாத விஷாதமும், இடையிடையே நெடுங்காலத் தெளிவுமாக வரும் இந்த இருதுருவ மனநோய்க்கு அதற்குப் பின் எத்தனையோ புதிய மருந்துகள் வந்துவிட்டன. கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தன்னை மீட்ட ஔஷதத்தை, மீண்ட நிலையில், புத்தி தெளிந்திருக்கும்போதே ஒருவன் ஏன் கைவிடுகிறான்? வைத்தியர்கள் இதை வைத்தியத்தின் பிரச்சினையாக ஆராய்கிறார்கள்; ஆராயட்டும். எனக்கோ இது, தன்னை அறிதல் என்று தத்துவ நூல்கள் எதைச் சொல்கின்றனவோ அதைச் சேர்ந்த கேள்வியாகப் படுகிறது.

அஜாக்கிரதை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் உண்டு. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட வியாதிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தாம் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் கூறியது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்பிற்கும் மாத்திரை வாங்கி, பாதி அட்டையை மேஜை இழுப்பறையில் மறந்துவிடும் கனவான்கள், மனநோயாளியின் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசும் யோக்கியதை உள்ளவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுடைய மறதிக்கும் இவனுடைய மறுப்பிற்கும் ஒரு பேதம் உண்டு. அதை நன்கு உணர நமக்கு ஆயுர்வேத ஆசிரியர் சரகர் உதவுகிறார்.

நோயாளி, வைத்தியன், மருந்து, பரிசாரகன் என்று சிகிச்சைக்கு நான்கு அங்கங்களை ஆயுர்வேதம் கூறும். நம் வள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் இந்த நான்கையே சொல்லி முடிக்கிறார். சரகர் இன்னும் ஒரு படி சென்று, ஒவ்வோர் அங்கத்திற்கும் நான்கு குணங்களை விதிக்கிறார். நோயாளிக்கு அவர் வேண்டுவன ஞாபகசக்தி, சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை உள்ளபடி எடுத்துரைத்தல் என்பவை. காய்ச்சல்காரனுக்கு இந்த நான்கும் காய்ச்சலுக்கு வெளியே, பழுதின்றி இருக்கின்றன. இருதுருவ நோயிலோ முதலில் பழுதாவன இவைதாம். உற்சாகம் ஏறும்போது, போன வருஷத்து ஆஸ்பத்திரி வாசம் நினைவில் இருந்தாலும் அந்த நினைவிற்குக் கனம் இராது. சொன்னபடி நடப்பது அடிமைத்தனமாகத் தோன்றும். அஞ்சாமை அளவுக்கு மீறிப்போய்விடும். என்ன செய்கிறது என்று கேட்டால், வாழ்நாளில் இப்படிச் சௌக்கியமாக இருந்ததே இல்லை என்று பதில் வரும், அதுவும் பொய்யென்று அறியாமலே சொல்லும் பதிலாக வரும். விஷாதம் கவியும்போதோ, என்றுமே இப்படித்தான் இருந்தேன் என்று ஞாபகமே பொய்ச்சாட்சி சொல்லும். புத்தி, அதைப் பற்றி நிற்கும் திருதி, ஸ்மிருதி ஆகிய மூன்றும் நழுவும்போது நேரும் பிழையைப் பிரக்ஞாபராதம் என்று சொல்லி, அதை வியாதிகளின் காரணங்களுள் ஒன்றாகச் சரகர் வைத்தார். இந்த நோயில் காரணமும் காரியமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன.

ஆனால் இந்த விளக்கம் நோயின் உச்சத்தில் இருப்பவனுக்கே பொருந்தும். மாதக்கணக்காகத் தெளிந்து, அலுவலகம் போய்வந்து, பிள்ளையின் கணக்குப் பாடத்தைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருப்பவன் மருந்தை விடுவதற்கு அது விளக்கமாகாது. அவனுக்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பல நியாயமானவையும்கூட. காப்பி டம்ளரை எடுத்தால் விரல் நடுங்குகிறது, கையெழுத்து கோணுகிறது, ஓயாத தாகம், இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, உடம்பு பெருக்கிறது. தைராய்டுக்கும் சிறுநீரகத்திற்கும் என்ன ஆகிறதென்று அவ்வப்போது இரத்தம் கொடுத்துப் பார்த்துவர வேண்டும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் ஔஷதம், 1.5-ஐத் தாண்டினால் விஷம் என்னும்படி அத்தனை குறுகிய வரம்பிற்குள் நிற்கும் மருந்து இது. கேட்டின் அந்த முதல் நோயாளியே 1950-இல் லித்தியத்தின் நஞ்சேறித்தான் இறந்தார் என்பதை நினைத்தால், மருந்துக்கு அஞ்சுபவனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. இவற்றுக்கெல்லாம் மேல், சௌக்கியமாக இருக்கும் ஒருவன் தினம் இரவில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வது, நான் நோயாளி என்ற வாக்குமூலத்தில் தினம் ஒரு தடவை கையெழுத்திடுவதைப் போன்றது. கையெழுத்திட மறுக்கும் அன்றைக்கு அவன் மறுப்பது மாத்திரையை அன்று, அந்த வாசகத்தையே.

அறிவு ஊட்டினால் இது தீரும் என்று நம்புவோர்க்கு, அமெரிக்க மனவியல் அறிஞர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனின் வரலாறு ஓர் எதிர்ச்சான்று. 1974-இல், தமது 28-ஆம் வயதில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மனநோய்த் துறையில் ஆசிரியராக நியமனம் பெற்ற அவர், மூன்றே மாதங்களுக்குள் தாமே கடும் உன்மத்தத்துக்கு ஆளானார். பிற்காலத்தில் இந்நோயைப் பற்றிய பெரிய பாடநூலை ஒரு சகாவுடன் சேர்ந்து எழுதப்போகிறவர், பிறர்க்கெல்லாம் லித்தியத்தை வற்புறுத்தப்போகிறவர், தம் விஷயத்தில் அதைத் தொடுவதும் விடுவதுமாக ஆண்டுக்கணக்கில் போராடினார். 1995-இல் வெளியான தமது சுயசரிதையில் அவர் தரும் காரணங்களில் ஒன்று என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. அளவு அதிகமாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் அவரால் புத்தகம் படிக்க முடியாமற் போயிற்று. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனத்தில் நில்லாத அவஸ்தை நெடுங்காலம் நீடித்தது. படிப்பே உயிராக வாழ்ந்தவருக்கு, மருந்து காப்பாற்றித் தந்த உயிரிலிருந்து அந்த உயிரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யாது? இழந்த உற்சாகத்திற்காக அவர் ஏங்கியதும் உண்டு. அந்த ஏக்கத்தைக் குடிகாரனின் ஏக்கத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்; ஏனெனில் அந்த உற்சாகத்தில் உழைப்பும் சிருஷ்டியும் சிநேகமும் உண்மையாகவே இருந்தன.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்து அதே கேள்வியை அடைந்தவர் அமெரிக்கக் கவி ராபர்ட் லோவெல். இளமையில் கத்தோலிக்க மதத்தைத் தேடிச் சேர்ந்தவர். 1949-இல் உன்மத்தம் மூண்டபோது, நெடுஞ்சாலையில் கைகளை நீட்டி நின்றே வண்டிகளை நிறுத்திவிடலாம் என்று நம்பியவர். பின்னர் ஆண்டு தவறாமல் என்னும்படி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். 1967-இல் லித்தியம் தொடங்கிச் சில காலம் நலமாக இருந்தபோது, தாம் பட்ட துன்பமும் தம்மால் பிறர் பட்ட துன்பமும் மூளையில் சிறிதளவு உப்பு இல்லாமையால் வந்திருக்கலாம் என்று எண்ணவே பயங்கரமாக இருக்கிறது என்ற கருத்தில் தம் பதிப்பாளரிடம் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உடம்பில் லித்தியம் குறைவதால் வரும் நோயன்று இது. எனவே சாஸ்திர ரீதியில் கவியின் கணக்கு சரியன்று. அதனால் அவர் கலக்கம் சிறியதாகிவிடாது. மனைவியைப் புண்படுத்தியதற்கும் நண்பர்களை அவமதித்ததற்கும் பாவமன்னிப்புக் கேட்டு வாழ்ந்த ஒருவனிடம், அவற்றுக்கெல்லாம் ஒரு மாத்திரை போதும் என்று சொன்னால், அவனுடைய பச்சாத்தாபம் எங்கே போய் நிற்கும்? மருந்து பலித்தால் தன் குற்றவுணர்வே அர்த்தமற்றதாகிவிடுமே என்று அஞ்சி மருந்தை வெறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த இடத்தில் பிராரப்தம் வந்து நிற்கிறது. வினைப்பயன் என்றால் அனுபவித்துத் தீர்க்க வேண்டியதுதானே, நடுவில் டாக்டர் எதற்கு என்ற பேச்சு கூடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் சாதாரணமாகக் கேட்பது. இதைப் பக்தியின் பேச்சு என்று நினைப்பது தவறு; சாஸ்திரமே இதை ஏற்கவில்லை. ஆயுள் முழுவதும் முன்னரே நிச்சயிக்கப்பட்டதானால் மந்திரத்திற்கும் மூலிகைக்கும் வேலையே இராதே என்று சரகர் வாதிக்கிறார். தெய்வம், புருஷப்பிரயத்தனம் இரண்டின் பலாபலத்தைப் பொறுத்ததே பலன் என்கிறார். தெய்வத்தைச் சார்ந்த சிகிச்சை, யுக்தியைச் சார்ந்த சிகிச்சை, மனத்தை வெல்லும் சிகிச்சை என மூன்றை ஒரே மூச்சில் அவர் எண்ணும்போது, ஒன்று மற்றொன்றை விலக்கும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கோயிலில் மண்டலமிருந்து வந்தவன் மாத்திரையைத் தொடர்வதில் என்ன முரண்பாடு என்று அவரைக் கேட்டால், கேள்வியே அவருக்கு விளங்கியிராது.

இதைவிடக் கடினமானது மற்றொரு சிக்கல். இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடத் தொடங்கிய சுந்தரரை நாயன்மார்களில் ஒருவராகப் போற்றும் மரபு நம்முடையது. இங்கே ஓர் இளைஞன் உறக்கமின்றி இரவெல்லாம் பாடி, பகலெல்லாம் உபதேசித்து, கையிலிருப்பதை எல்லாம் வாரி வழங்கினால், வீட்டார் முதலில் அருள் என்பார்கள்; அருளை மருந்து கொடுத்து அடக்கலாமா என்று தயங்குவார்கள்; அவனுக்கோ அந்தத் தயக்கமே பிரமாணம் ஆகிவிடும். தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ணரைப் பைத்தியம் என்றுதான் பலர் நினைத்தார்கள் என்று உடனே நினைவூட்டுவோர் உண்டு. உண்மை, ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் நினைவூட்ட வேண்டும். கல்கத்தாவின் கங்காபிரசாத் சேன் என்ற கவிராஜரிடம் அவருக்கு வைத்தியம் நடந்தது. அந்த வைத்தியத்தை அவர் மறுக்கவில்லை. 1861-இல் பைரவி பிராம்மணி என்ற பெண் துறவி வந்தபோது, தமக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று குழந்தையைப் போல அவரிடம் கேட்டவரும் ராமகிருஷ்ணரே. தம் பரவசத்தைத் தாமே சந்தேகிக்கும் அந்த மனம் உன்மத்தத்தின் உச்சியில் இருப்பவனிடம் காணக் கிடைப்பதில்லை. இதை எல்லார்க்கும் பொருந்தும் உரைகல்லாக நான் சொல்லவில்லை. எல்லை மயங்கும் இடங்கள் உண்டு. ஆனால் மருந்தினால் கலைந்துவிடுமோ என்று பயந்து காக்க வேண்டிய அருள், அருள்தானா என்று கேட்க ஒவ்வொரு பக்தனுக்கும் உரிமை இருக்கிறது.

விரதங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. உடம்பில் சோடியம் குறைந்தாலும் நீர் வற்றினாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கும்பகோணத்தை அடுத்த ஒப்பிலியப்பன் சந்நிதியில் உப்பில்லாத நைவேத்தியம் என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது. அந்தப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு உப்பில்லாமல் உண்ணும் விரதக்காரர்களும் உண்டு. லித்தியம் உண்பவர் நாட்பட உப்பை விலக்கினாலோ, நீர் அருந்தாமல் உபவாசம் இருந்தாலோ, ரமலான் நோன்பை வைத்தியரிடம் கலவாமல் தொடங்கினாலோ, பக்தியே அவருக்கு ஆபத்தாய் முடியலாம். நோன்பை விடு என்று சொல்ல வேண்டியதில்லை. நோன்பு உண்டா என்று கேட்கும் வைத்தியர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேளாத வைத்தியரிடம் நோயாளி நோன்பையும் மறைக்கிறான், நோன்பு நாளில் மாத்திரையை விட்டதையும் மறைக்கிறான்.

மருந்து உண்டால் நான் நானாக இருக்க மாட்டேன் என்ற ஆட்சேபணைக்கு வேதாந்திகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். விழிப்பும் கனவும் உறக்கமும் ஆத்மாவின் மேல் வந்துபோகும் அவஸ்தைகள். ஆத்மா அவற்றில் எதுவும் அன்று என்று மாண்டூக்கிய உபநிடதம் கூறும். அவ்வாறே உற்சாகமும் அவஸ்தை, விஷாதமும் அவஸ்தை, மாத்திரையால் வந்த சமநிலையும் அவஸ்தை. மூன்றையும் பார்த்திருக்கும் சாட்சியை எந்த உப்பும் தொடாது. தர்க்கத்தில் இதற்குக் குறை காண்பது அரிது. ஆனாலும் இதை ஒரு நோயாளியிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழாது. அவன் இழந்ததாகச் சொல்வது சாட்சியை அன்று. பாட்டில் இருந்த ருசியை, மனைவியிடம் இருந்த வேகத்தை, யோசனைகள் தாமாக வந்து குவிந்த காலை நேரங்களை. வியவகாரத்தில் நேர்ந்த நஷ்டத்திற்குப் பரமார்த்தத்தில் ஈடு கொடுப்பது எளிது, ஏனெனில் கொடுப்பவனுக்குச் செலவில்லை. அதைவிட, மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்க இடமுண்டா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று வைத்தியரிடம் அவனுக்காக வாதாடுவது மேலான தத்துவம். ஜேமிசனுக்குப் படிப்பு மீண்டதும் அளவைக் குறைத்த பிறகுதான்.

பரிசாரகன் என்று சரகர் சொன்ன நான்காவது அங்கம் நம் வீடுகளில் பெரும்பாலும் தாயார்தான். மகன் மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறான். அம்மா அதை அம்மிக்குழவியால் நுணுக்கித் தயிர்சாதத்தில் பிசைந்து, ஊறுகாயை முன்னால் நகர்த்தி வைத்து, அவன் கடைசிக் கவளம் உண்ணும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே சமயத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவளுடைய தர்மசங்கடம் தீராது. அந்த மருந்து உள்ளே போனதால்தான் அவன் பட்டாளம்போல் கடன்காரர்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்தாமல் இருக்கிறான் என்பதும் மெய். என்றைக்காவது கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் துகளைக் கண்டுவிட்டால் பிறகு அந்த வீட்டில் அவன் சாப்பிடவே மாட்டான் என்பதும் மெய். இதே தாயார், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று மருந்துச் சீட்டைப் பீரோவில் பூட்டி, கல்யாணம் முடியும் வரைக்கும் மாத்திரை வேண்டாமே என்று கெஞ்சுவதும் உண்டு. சட்டென்று நிறுத்தப்பட்ட லித்தியத்தால் உன்மத்தம் விரைந்து திரும்பும் வாய்ப்பு மிகுதி, அது திரும்புவது பலமுறை புது மணப்பெண்ணின் முன்னிலையில். இவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஊருக்கு அஞ்சி வாழும் குடும்பத்தில் நோயாளியின் அசிரத்தை என்று எழுதிவைக்கப்படுவதில் பாதி, ஊரின் வாய்க்குச் சேர வேண்டியது.

ஏமாற்றாமல் என்ன செய்யலாம் என்றால், தெளிந்திருக்கும் காலத்தில் அவனிடமே கேட்கலாம். பார்சிலோனாவில் கோலோம், வியேட்டா என்ற இருவரும் அவர்களுடைய சகாக்களும் இந்நோயாளிகளைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து 21 அமர்வுகளில் நோயைப் பற்றி உரையாடிய முயற்சி 2003-இல் பிரசுரமாயிற்று. அதில் பங்குகொண்டோர்க்கு நோய் திரும்புவது குறைந்தது. உபதேசம் கேட்டுத் திருந்தினார்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் நோயின் முதல் அறிகுறியைத் தாங்களே பெயரிட்டுச் சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அப்படி ஓர் இடம் வைத்திருக்கிறது. வயது வந்த எவரும், தமக்கு மனநோய் வந்தால் எவ்விதம் கவனிக்கப்பட வேண்டும், எந்தச் சிகிச்சை கூடாது, தமக்காகப் பேசும் பிரதிநிதி யார் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. தாமே தீர்மானிக்கும் திறனை இழக்கும்போதுதான் அந்த எழுத்து நடைமுறைக்கு வரும். எழுதியவர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். முன்னே செய்த சங்கல்பம் பின்னே வரும் நம்மை எவ்வளவு தூரம் கட்டும் என்ற பழைய கேள்வி இங்கே சட்டத்தின் வாசலில் வந்து நிற்கிறது. தந்தையின் விவாகத்திற்காகச் செய்த பிரதிக்ஞையை, அந்த விவாகத்திற்கு உரியவளான சத்தியவதியே பின்னாளில் கைவிடச் சொல்லி வேண்டியும் பீஷ்மர் தளர்த்தவில்லை. குருவம்சம் அதற்குக் கொடுத்த விலையை நாம் அறிவோம். திருத்தவே இயலாத சங்கல்பம் நோயாளிக்கும் ஆகாது. கைகள் நடுங்குகின்றன, மருந்தை மாற்றுங்கள் என்று தெளிந்த புத்தியோடு சொல்லும் உரிமை அவனிடம் இருந்தே ஆக வேண்டும்.

அந்தத் தாளில் உண்மையில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று யோசித்தால், மருந்தின் பெயர் எளிய பகுதி. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போதும் என்று நான் எழுந்தால், நள்ளிரவில் பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசத் தொடங்கினால், ஒரே வாரத்தில் இரண்டு வண்டிக்கு முன்பணம் கட்டினால், நான் எவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுத வேண்டும். அதற்குக் கீழே, அப்போது யார் சொல்லைக் கேட்பேன் என்பதற்கு ஒரு பெயரை எழுத வேண்டும். சம்பாத்தியத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பெயரா, மாத்திரையைக் கண்ணெதிரில் விழுங்கச் சொல்லும் மனைவி பெயரா, தன்னைப் போலவே லித்தியம் சாப்பிட்டு நடுங்கும் கையோடு வாழ்ந்துவரும் ஒரு சிநேகிதர் பெயரா என்பதை உறவுமுறை தீர்மானிப்பதில்லை. போன தடவை நோயின் நடுவில் இருந்தபோது யாரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது என்பதை அவரே ஞாபகப்படுத்திப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.